ஒரே வாய்

ஒரே வாயாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பொன்ரேகா மறுபடியும் சொன்னாள். "பாதியக் கடிச்சிட்டு மீதியத் தட்டுல வைக்கப்பிடாதுப்பா. பிடிச்சுக் குடுத்தவருக்கு மனசு சங்கடமாப் போயிரும்." தங்கப்பழம் சரியென்று தலையாட்டினார். பேசுகிற நிலையில் அவர் இல்லை. ஏற்கெனவே ஒன்று வாய்க்குள் இருந்தது. உருண்டை என்று அதைச் சொல்ல முடியாது, கட்டைவிரல் பருமனுக்குப் பிடித்து வைத்த சோறு, அதன்மேல் போர்வை மாதிரி படுத்திருந்த பச்சை மீன் துண்டு. வாயில் போட்டு நெடுநேரமாகிவிட்டது. மீன் எப்போதோ கரைந்துவிட்டது, புளிப்பும் லேசான இனிப்புமான சோறு மாவாகிக் கூழாகி நாக்குக்கடியில் வெதுவெதுவென்று கிடந்தது, ஆனாலும் அவர் மென்றுகொண்டிருந்தார். விழுங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடலாம், ஒரேயடியாகத் தள்ளிப்போட முடியாது. மகள் வேறு பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, தேநீரை ஒரு மடக்கு எடுத்து, மோவாயை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து, கிணற்றில் கல்லைப் போடுகிறவர்போல விழுங்கினார். தொண்டையைத் தாண்டிவிட்டது. தொண்டையில் எப்போதும் தடை இல்லை. அதற்குக் கீழே, நெஞ்சுக்கூட்டின் நடுவில், சட்டையின் மூன்றாவது பித்தான் இருக்குமே, அங்கேதான் வாசல். அங்கே போய் அது நின்றது. நிற்கிறது. அவர் முகத்தை ஒன்றும் நடக்காதவர் முகமாக வைத்துக்கொண்டு, சுவரில் எழுதியிருந்த புரியாத எழுத்துகளை வாசிப்பதுபோல் பார்த்தார். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். அச்சுக் கேனிலிருந்து கழன்ற ஐஸ் பாளம் மரச்சறுக்கில் இறங்கி லாரிக்குப் போக வேண்டும். சில நாள் நடுவழியில் நின்றுவிடும். பின்னால் வருவது அதன்மேல் முட்டும், அதற்கும் பின்னால் வருவது அதன்மேல் முட்டும், மேலே நிற்கிறவன் கத்துவான், கீழே லாரிக்காரன் அம்மாவையும் அக்காவையும் இழுப்பான். தங்கப்பழம் ஒன்றும் பேசமாட்டார். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துச் சரிவில் ஊற்றுவார். பாளம் யோசிக்கும். யோசித்துவிட்டு வழுக்கும். இன்னொரு மடக்குத் தேநீர் குடித்தார். யோசித்தது. பிறகு எதையோ உரசிக்கொண்டு, வலி என்று சொல்ல முடியாத ஒரு வலியோடு இறங்கிப் போனது. அவர் மூச்சை விட்டார். தட்டில் இன்னொன்று இருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்றாள் மகள். "சூர மீன்தான?" என்றார் அவர். "நம்மூர்ல இத அவிச்சுக் காயப்போட்டு மாசிக் கருவாடாக்கி, கல்லு மாதிரி ஆனபொறவு சம்மட்டிய வச்சு உடச்சுத் திம்பான். இங்க என்னடான்னா ராஜா மாதிரி மெத்தையில படுக்க வச்சிருக்கான்." பொன்ரேகா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அவள் அம்மா சிரிக்கிற மாதிரியே. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு இன்னொரு விதத்தில் அடைத்தது. இந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு மெல்லலும். நாளை மறுநாள் விமானம். நாளை ஒரு நாளைத் தள்ளிவிட்டால் போதும், மறுநாள் ஏறி உட்கார்ந்துவிட்டால் வானத்தில் யாரும் அவரை விழுங்கச் சொல்லப்போவதில்லை, ஊரில் போய் இறங்கிவிட்டால் அப்புறம் வீடு, கஞ்சி, அவர் பாடு. இவளிடம் சொன்னால் என்ன ஆகும்? டிக்கெட்டை ரத்துசெய்வாள். இங்கேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவாள். குழாயை வாய்க்குள் விட்டுப் பார்ப்பான், படத்தைக் காட்டுவான், இவள் அந்தப் பாஷையில் கேட்டு இவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வார்த்தையை இவள் வாயால் சொல்ல வைக்கவா மூன்று மாதம் இவளோடு வந்து இருந்தோம்? அவர் இங்கே வரும்வரை, நாலு வருஷமாக இவள் அவரோடு இப்படிச் சிரித்ததில்லை. இவள் அம்மா சண்முகக்கனி போனதிலிருந்து இல்லை. பழமும் கனியும் ஒரே கூடையில் என்று கல்யாணத்தன்று கேலி செய்தார்கள், கூடையில் இப்போது பழம் மட்டும்தான். காரியம் முடிந்த அன்று, பந்தல்காரன் கம்புகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, இதே பெண் அவர் முன்னால் வந்து நின்று கேட்டாள். "சோறு எறங்கலன்னு ஒரு வார்த்த என்கிட்ட சொல்லக்கூடாதாப்பா? அம்மா சொல்லமாட்டா, தெரியும். நீங்க பக்கத்துலதான இருந்திய?" அவர் பதில் சொல்லவில்லை. அவர் பேசாமலிருந்ததை, தெரிந்தே மறைத்ததாக அவள் எடுத்துக்கொண்டாள். அவரும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதன்பிறகு தொலைபேசியில் "சாப்பிட்டியளா", "சாப்பிட்டேன்மா", அவ்வளவுதான். இந்த மூன்று மாதத்தில்தான் பனி கொஞ்சம் கரைந்திருக்கிறது.

ரயில் பாலத்துக்கு அடியில் ஒடுங்கியிருந்த சின்னக் கடை அது. டோக்கியோவின் இந்தப் பக்கத்தில், நிஷிகாசாயில், மகள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து நடை தூரம். மேலே ரயில் போகும்போதெல்லாம் தேநீரில் வளையம் எழும்பி அடங்கும். நடுவில் வெள்ளைத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் சோற்றைப் பிடித்துப் பிடித்துத் தட்டில் வைக்க, தட்டுகள் ஓடுகிற பட்டையில் ஏறிக் கடையைச் சுற்றி வந்தன. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். தின்று முடித்த தட்டை அவரவர் பக்கத்தில் அடுக்கி வைக்க வேண்டும், கடைசியில் கிழவரின் மனைவி வந்து தட்டுகளைப் பார்த்துக் காசு சொல்லுவாள். யார் எவ்வளவு தின்றார் என்று ஊரறிய அடுக்கிக் காட்டுகிற சாப்பாட்டைத் தங்கப்பழம் வேறெங்கும் கண்டதில்லை. மேசைக்கு எதிரே பொன்ரேகா பக்கம் தட்டுகள் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தன. உச்சியில் பொன் விளிம்பு போட்ட தட்டு, விலாங்கு மீனுக்கு மட்டும் வருகிற தட்டு, அவருக்கும் ஒன்று எடுத்து வைக்கப் பார்த்தாள், விலாங்கு எனக்குப் பிடிக்காது என்று தப்பித்தார். அவர் பக்கம் ஒரு தட்டு, அதுவும் காலியாகாத தட்டு. வந்த முதல் வாரமும் இங்கேதான் கூட்டி வந்தாள். ஒவ்வொரு மேசையிலும் கறுப்புப் பொத்தானோடு ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவக் குழாய் வைத்திருக்கிறானே, என்ன மனுஷன் இவன் என்று மெச்சிக்கொண்டே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். தேநீருக்கு வைத்த கொதிநீர். விரல் நுனியெல்லாம் சிவந்துபோயிற்று. கிழவரின் மனைவி ஐஸை ஒரு துணியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள், "ஐஸ் கம்பெனிக்காரருக்கே ஐஸா" என்று பொன்ரேகா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள், நாலு வருஷத்துக்கப்புறம் முதல் சிரிப்பு அதுதான். அன்றைக்கு அவர் இரண்டு தட்டுத் தின்றார். அன்றைக்கு இன்னும் வழி இருந்தது.

எப்போது தொடங்கியது? சித்திரையில். ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரில் பரோட்டா. ஒரு துண்டு நின்றுகொண்டது, காய்ந்த பரோட்டா என்று கடைக்காரனை வைதார். அப்புறம் தோசையின் முறுகல் ஓரம். அப்புறம் இட்லியில் சட்னி போதவில்லை என்று நினைத்தார். அப்புறம் சோறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அதனதன் வீட்டிலிருந்தே கிளம்பி வந்தது, அடுப்பு சரியில்லை, அரிசி சரியில்லை, பல் சரியில்லை. பல்லைக் குற்றம் சொல்லி ஒரு பல்லைப் பிடுங்கவும் செய்தார். இங்கே வந்தபின் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பகலெல்லாம் தனி. ராத்திரி அவர்கள் வருவதற்குள் கஞ்சியை முடித்துவிட்டு, "எனக்கு வெள்ளனயே பசிச்சிட்டும்மா" என்பார். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர்கள் சாப்பிடுவார்கள். எவ்வளவு லேசாக இருக்கிறது மறைப்பது. ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்து, ஒருவர் மட்டும் வேறு நேரத்தில் சாப்பிட்டால் போதும். இதை யாரிடம் படித்தேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த இடத்துக்குப் போகவேண்டாம் என்று மனதை இழுத்துப்பிடித்தார், அது கயிறு கட்டாத மாடு, போய்விட்டது. அடுக்களை. அரிசி களைகிற அரிக்கன் சட்டி கவிழ்த்த மேடை. அவர் பலகையில் உட்கார்ந்திருக்கிறார், சண்முகக்கனி நிற்கிறாள், கையில் கரண்டி. குழம்பு, அப்புறம் ரசம், அப்புறம் மோர். "நீயும் உக்காரேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார், சொல்லாமலில்லை, புதிதில் சொல்லியிருக்கிறார். "நீங்க சாப்பிடுங்க, நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்." அவள் அம்மா அப்படித்தான், அவர் அம்மா அப்படித்தான், அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான், அது ஒரு மரியாதை என்றும் பிரியம் என்றும் இருந்தது, பிறகு பழக்கமாகி, சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி யாரும் பார்க்காததாகிவிட்டது. அவர் கை கழுவி வேலைக்குப் போவார். அவள் பிறகு சாப்பிடுவாள். சாப்பிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு மனுஷியோடு ஒரே கூரையில் கிழவனாகிவிட்டு, அவள் மென்று விழுங்குவதைப் பார்த்ததில்லை என்று யாரிடம் சொல்ல முடியும்? சேலை கட்டுகிற பெண், கொசுவத்தை இன்னும் ஒரு மடிப்புக் கூட்டினால் மெலிவு தெரியாது. மகளுக்கு மட்டும் ஊட்டுவாள், பழைய சோற்றைத் தயிரில் பிசைந்து, உருட்டி உருட்டி உள்ளங்கையில் வைப்பாள், நடுவில் கட்டைவிரலால் குழி செய்து அதில் சாளைமீன் குழம்பு ஒரு சொட்டு. "ஒரே வாயாப் போடுட்டி ராசாத்தி." இந்தக் கிழவரும் அப்படித்தான் பிடிக்கிறார், இரண்டு விரலால் அழுத்தி, உள்ளங்கையில் புரட்டி. பார்க்கக் கூடாது. பார்த்தால் வேறொரு உருண்டையும் ஞாபகத்துக்கு வருகிறது, ஆற்றங்கரையில் எள் கலந்து பிடித்தது.

"யப்பா, என்ன யோசன? கெட்டுப்போகாது, ஆனா காஞ்சிரும்." பொன்ரேகா அவர் தட்டைக் கண்ணால் காட்டினாள். இரண்டாவதை எடுத்தார். கையாலேயே எடுக்கலாம் என்பது ஒன்றுதான் இந்தச் சாப்பாட்டில் அவருக்கு இசைந்த விஷயம். வாயில் போட்டதும் அவள், "அந்தப் பெருங்கோட்டூர் கல்யாணத்துல அம்மா கெண்டைமீன் நெறத்துல பட்டு கட்டியிருந்தாளே, அத நான் எடுத்துக்கிடட்டுமாப்பா? ஊருக்கு வரும்போது எடுத்து வைங்க" என்றாள். அவருக்கு மெல்லுவது நின்றுவிட்டது. அந்தக் கல்யாணத்தைப் போய் ஏன் இப்போது எடுக்கிறாள். ஒன்றும் தெரியாமல்தான் எடுக்கிறாள். அந்தப் பந்தியில்தான் கூட்ட நெரிசலில் ஆணும் பெண்ணுமாகக் கிடைத்த இடத்தில் உட்கார்த்திவிட்டார்கள், கனி அவருக்குப் பக்கத்து இலை. அத்தனை வருஷத்தில் பக்கத்துப் பக்கத்தில் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தரம்தான், அவர் அதை நினைத்து உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தார். அவள் பூரியைப் பிய்த்தாள். பிய்த்ததைப் பிய்த்தாள். சோற்றைக் குழம்பில் பிசைந்து இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனாள், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். வாய்க்கு மட்டும் ஒன்றும் போகவில்லை. பிறகு பாயசம் வருவதற்குள், எல்லாவற்றையும் உள்ளே வைத்து இலையை மூடிவிட்டாள். "என்ன பழக்கம் இது, சோத்த இப்பிடியா வீணாக்குவ" என்று அவர் அவளைக் கடிந்துகொண்டார். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரலில். அவள் சிரித்தாள். கல்யாணம் வைகாசியில், மருத்துவரிடம் போய்ச் சேரவே ஆடி ஆகிவிட்டது. போனபோது மருத்துவர் கேட்டார், எத்தனை நாளாக? கனி மருத்துவரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, தங்கப்பழத்தைப் பார்த்துக்கொண்டு, அவருக்குச் சமாதானம் சொல்கிறவள் மாதிரி, "இப்பத்தான், ரெண்டு வாரமா" என்றாள்.

இரண்டாவதை விழுங்கியது தவறு. மெல்லாமல் விழுங்கிவிட்டார், நினைப்பில். அது வாசலில் போய் உட்கார்ந்தது. தேநீர் ஊற்றினார், தேநீர் அதன்மேல் ஏறி நின்றது. நெஞ்சுக்குள் ஒரு முஷ்டி மூடியது. பின்பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவில், யாரோ ஆணியை வைத்து மெதுவாகத் தட்டினார்கள். வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது, ஊறிய எச்சிலும் போக வழியில்லை. கண்ணில் நீர் கோத்தது. கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் கரைந்தது, கிழவரின் தொப்பி, தட்டுகள், மகளின் முகம். கையில் அகப்பட்ட துணியை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு வாய்க்கரிசி ஞாபகம் வந்தது. மயானத்தில் கனியின் வாயில் அவர் போட்ட அரிசி, மூன்று தரம், பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் வெள்ளையாக அப்படியே நின்ற அரிசி, உள்ளே போகாத அரிசி. அதற்கு முந்தின மாதங்களில் வயிற்றில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சியை ஊற்றியதும் அவர்தான். ஊசி இல்லாத பெரிய ஊசிக்குழல். மெதுவாக அழுத்த வேண்டும். அப்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள், தன் சாப்பாட்டை ஒரு ஆண்பிள்ளை பார்ப்பதற்கு வெட்கப்பட்டவள் மாதிரி. "என்னப்பா, என்ன செய்யுது?" பொன்ரேகா எழுந்தேவிட்டாள். அவர் பச்சைக் காரத்தை, மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் பட்டாணி அளவு வைப்பார்களே அதை, விரலால் காட்டினார். மூக்கைக் காட்டினார். "மூக்குல ஏறிட்டாக்கும்" என்று அவள் உட்கார்ந்து சிரித்தாள். "மெளகாப்பொடிய அள்ளித் திங்கிற ஆளு, இந்தத் துளிக்கு இப்பிடி அழுதிய." ஆமாம் என்று தலையாட்டினார். அழுதார். யாரும் சந்தேகப்படாமல் அழுவதற்கு இப்படி ஒரு பொருளை வைத்திருக்கிறார்களே. பட்டையில் ஒரு பேய்க்கணவாய்த் தட்டு, எட்டுக்கால் கணவாய், மறுபடியும் வந்தது. அவர்கள் உட்கார்ந்ததிலிருந்து அது சுற்றுகிறது, யாரும் எடுக்கவில்லை, ஊதாநிறக் கால் இரண்டு, ஓரம் காய்ந்து சுருங்கிவிட்டது. எல்லாரையும் தாண்டிப் போகும், மூலையில் மறையும், நிம்மதி என்று நினைக்கும்போது இந்தப் பக்கம் தலைகாட்டும். அது அவரைத் தாண்டி ஒரு முழுச் சுற்றுப் போய் வருவதற்குள் நெஞ்சிலிருந்தது இறங்கிவிட்டது. இறங்கும்போது, ஏதோ கிழித்துக்கொண்டு இறங்குவதுபோல் இருந்தது.

பொன்ரேகாவின் செல்போன் அதிர்ந்தது. மருமகன். உள்ளே உட்கார்ந்து பேசுவது இந்த ஊரில் மரியாதை இல்லை என்று அவள் வாசலுக்குப் போனாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதுகு தெரிந்தது, ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். தங்கப்பழம் தட்டுகளைப் பார்த்தார். அவள் பக்கம் கோபுரம். அவர் பக்கம் ஒன்று. திரும்பி வந்ததும் அவள் இதைப் பார்ப்பாள், பார்த்து, என்னப்பா இது, ஒரு தட்டுக்கா இவ்வளவு நேரம் என்பாள், என்றதும் அவர் எதையாவது சொல்ல வேண்டும், சொல்வதற்கு இனி ஒரு காரணமும் மிச்சமில்லை, பல்லைக்கூடப் பிடுங்கியாயிற்று. அவர் கை நீண்டது. அது தன் கைதானா என்று அவருக்கே தோன்றிற்று. அவள் அடுக்கின் மேலேயிருந்து ஒரு பிடி தட்டுகளை அப்படியே தூக்கித் தன் பக்கம் வைத்தார். பீங்கான் கிணுங்கென்றது. யாருக்கும் நஷ்டமில்லை என்று அவசரமாக நியாயம் ஓடியது, தட்டு எத்தனையோ அத்தனைதான், காசு அதேதான், தின்ற ஆள்தான் மாறுகிறது. தலையை நிமிர்த்தினால் கிழவரின் மனைவி. கையில் துடைக்கிற துணியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவருடைய வயதுதான் இருக்கும். தங்கப்பழத்துக்குக் காது சூடாகிவிட்டது. திருடன் மாதிரி, இல்லை, திருடன் நிரம்பிய தட்டையல்லவா எடுப்பான், வெறும் தட்டைத் திருடுகிறவனுக்கு என்ன பெயர். அவள் பக்கத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். கனி இப்படித்தான் இருந்திருப்பாளோ. அவர் வேலைக்குப் போனபின், தனக்கென்று போட்ட சோற்றைச் சட்டிக்குள் திரும்பக் கொட்டிவிட்டு, வெறும் தட்டை ஈரமாக்கிக் கவிழ்த்து வைத்திருப்பாளோ, யாராவது வந்தால் தின்ற அடையாளம் இருக்கட்டும் என்று. அவருக்குத் தெரியாது. அந்தத் தட்டு ஈரமாகக் கவிழ்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார்.

பொன்ரேகா குளிர்ந்த காற்றோடு உள்ளே வந்தாள். "அவுகளுக்கு இன்னும் வேல முடியலியாம். வீட்டுக்கு நேரா வந்திருவாக." உட்கார்ந்தாள். அவர் பக்கம் பார்த்தாள். "பரவால்லயே, நான் அந்தப் பக்கம் போன ஒடனே ஒரு பிடி பிடிச்சிட்டியளாக்கும்" என்றாள். அவர் ஏப்பம் விடுகிறவர் மாதிரி நெஞ்சைத் தடவிக்கொண்டார். பொய் இவ்வளவு சுலபமாக இறங்குகிறது, சோறுதான் இறங்கமாட்டேன் என்கிறது. அவள் சந்தோஷமாக இருந்தாள். கொண்டுபோக வேண்டிய சாமான்களைச் சொன்னாள், பக்கத்து வீட்டுத் தாயம்மா சித்திக்கு வலிக்கு ஒட்டுகிற பட்டை, தூத்துக்குடியில் வெயில் தாங்கக் குடை. தை மாதம் தானே வருவதாகச் சொன்னாள், வந்தால் ஒரு மாதம் இருப்பேன், நீங்க துறைமுகத்துக்குப் போய் நல்ல சீலா மீன் வாங்கி வாங்க, அம்மா வைக்கிற மாதிரி நான் வைக்கிறேன் என்றாள். தை. அவர் மனதுக்குள் மாதங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார்த்தார், தைவரை கஞ்சி போகுமா, தையில் தண்ணீர் போகுமா. தையில் வந்து கதவைத் தட்டுவாள். அவர் திறப்பார், அல்லது திறக்கமாட்டார். அப்போதும் பந்தல்காரன் கம்பைப் பிரித்துக்கொண்டிருப்பான். அப்போது இவள் யார் முன்னால் போய் நின்று கேட்பாள்? பக்கத்தில் இருந்தவர் என்று சொல்ல யார் இருப்பார்கள்? மூன்று மாதமும் பக்கத்தில் இருந்தவள் இவள்தான். தன்னிடமே கேட்டுக்கொள்வாள். ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொள்வாள். இது ஏன் இதுவரை தோன்றவில்லை? மேலே ரயில் போயிற்று. தேநீர் வளையமிட்டது, அடங்கியது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்றாள் பொன்ரேகா. பட்டையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மஞ்சளாக, செங்கல் மாதிரி கனத்த முட்டை, கீழே சோறு, நடுவில் கறுப்பாக ஒரு கடற்பாசி நாடா கட்டியிருந்தது. "இதச் சாப்பிட்டாத்தான் சாப்பாடு முடிஞ்ச மாதிரி. இனிப்பா இருக்கும். ஒரே வாய், யப்பா." அவர் அதைப் பார்த்தார். சுற்றிலும் இருந்தவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். கிழவர் பலகையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். முட்டையின் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அவர் வாயிலிருந்து, யோசனை எதுவும் இல்லாமல், தாழ்ந்த குரலில், வேறு யாரோ அவருக்குள்ளிருந்து சொல்கிறமாதிரி வந்தது.

"நீ சாப்பிடும்மா. நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்."

"பொறவா? கடைய அடைக்கப் போறாங்க, பொறவு எங்க" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்த பொன்ரேகா நின்றுவிட்டாள். சிரிப்பு முகத்தில் இருந்தது, கண்ணிலிருந்து போய்விட்டது. அவரைப் பார்த்தாள். அவர் முகத்தை, கழுத்தை, தோளில் தொங்கிய சட்டையை, இவ்வளவு நாளும் பார்க்காததைப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். பிறகு அவள் கண் அவர் பக்கத்துத் தட்டு அடுக்குக்கு இறங்கியது. அதன் உச்சியில் பொன் விளிம்புத் தட்டு இருந்தது. விலாங்குத் தட்டு. அவள் தின்ற தட்டு. அவள் அதைத் தொடவில்லை, அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. மேசையைச் சுற்றி வந்து அவர் இருந்த பலகையில், அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"எத்தன நாளாப்பா?"

இப்பத்தான், ரெண்டு வாரமா. அந்தப் பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது, கனி வைத்துவிட்டுப் போன பதில், வழுக்கிக்கொண்டு வெளியே வரக் காத்திருந்தது. நாளை மறுநாள் விமானம். அவர் வாயை மூடி அதை விழுங்கினார்.

"சித்திரையிலருந்து" என்றார்.

அவள் அழவில்லை. "அம்மாவுக்கும் இப்பிடித்தான் ரெண்டு பேருமாச் சேந்து ஒளிச்சியளா?" என்று கேட்டாள். கோபம் இல்லை, ஒரு குழந்தை கேட்பதுபோல் கேட்டாள்.

"நான் ஒளிக்கலம்மா. எனக்குத் தெரியாது." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ சாப்பிட்டு நான் பாத்ததில்ல."

கிழவரின் மனைவி காசு வாங்க வந்தவள், அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பொன்ரேகா குச்சியை எடுத்தாள். முட்டையைப் பிரித்தாள், சோற்றைத் தனியாக ஒதுக்கினாள், முட்டையில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு கிள்ளி, தனக்கு வாங்கியிருந்த சூப்பில் நனைத்து, குச்சி சரிவராமல் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே எடுத்து அவர் உதட்டருகே கொண்டுவந்தாள். அவர் வாயைத் திறந்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயை, தொண்டையை, மூன்றாவது பித்தானை. அவருக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது, மூடிக்கொள்ளவில்லை. விழுங்கினார்.

"நிக்குதா?"

"நிக்குது."

அவள் அவருடைய முதுகில், சரியாக அந்த இடத்துக்கு நேராக, உள்ளங்கையை வைத்தாள். இருவரும் அது இறங்கக் காத்திருந்தார்கள்.